கால் இறக்கக் கூடாத வண்டி

அந்த மூன்று சக்கர வண்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கிய அன்றே எனக்கு ஒரு பல் போனது. கயிறு அறுந்து, கைப்பிடிக் கம்பி வாயில் வந்து இடித்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி கயிற்றைக் கட்டினேன். என்னோடு கயிறு பிடித்த மருந்தடிப்பவர், "முன்பல்லு இல்லலா, கடவாப்பல்லுதான். பொண்ணு குடுக்க வர்றவன் பாக்க மாட்டான்," என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லோரிப் பட்டறை, மீன் படகு என்று அலைந்து, ஒரு காய்கறி லோரியில் பிரிஞ்சாங் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியிருந்தேன். மருந்தடிப்பவர் தன் லயத்து வீட்டின் அடுப்படியில் படுக்க இடம் கொடுத்தார். தேயிலைக்கு இடையில் முளைக்கும் புல்லுக்கு மருந்தடிப்பது அவர் வேலை. முந்தைய வருடம் ஏதோ வாய்த்தகராறில் கங்காணி அவரைச் சரிவில் உதைத்துத் தள்ளியதில் வலது தோள் கழன்றுவிட்டது. அதன் பிறகு மருந்து டின் முதுகில் ஏறவில்லை. மாதக் கடைசிக்குள் பழையபடி மேல் மலைக்கு மருந்து போகாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். வேறு கூரை கிடையாது. முதுகு சுமக்காததை வண்டி சுமக்கட்டும் என்றுதான் அதைப் பள்ளத்திலிருந்து எடுத்தோம்.

அது என்ன வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. புல் வெட்டுகிற மிஷின் என்றார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டுப் போனது என்றார்கள். பெயர்ப் பட்டை உதிர்ந்திருந்தது. சேற்றைச் சுரண்டிப் பார்த்தால் பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லை. எவனோ கழற்றி விற்றுவிட்டான் என்று முதலில் நினைத்தேன். கைப்பிடியின் அடியில் ஒரு குமிழைத் திருகியதும் கைப்பிடி முழுதும் மடங்கிப் படுத்தது. காருக்குள் வைத்துக் கொண்டுபோகச் செய்த வேலை. ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடைச் சுவரில் இதே மாதிரி ஒரு படம் பார்த்த ஞாபகம் அப்போது வந்தது. ஜப்பான்காரன் மணலிலும் சேற்றிலும் ஓடச் செய்தது. பலூன் போன்ற அந்த டயர்கள்தான் அதற்கு ஸ்பிரிங். என்ஜினைத் திறந்ததும் சந்தேகம் தீர்ந்தது. ஊரெல்லாம் ஓடும் கப்சாய் மோட்டார் சைக்கிளின் என்ஜின்தான் உள்ளே இருந்தது.

இறுகிப்போன பிஸ்டனில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கட்டையை வைத்து அடித்து இறக்கினேன். உடைந்த கப்சாய்களிலிருந்து சாமான் எடுத்தேன். வெடித்த டயருக்குள் லோரி டியூபை வெட்டி ஒட்டினேன். பின்னால் மருந்து டிரம் உட்கார ஒரு தட்டு பற்றவைத்தேன். கிளப்பும் கயிற்றை முதன்முறை இழுத்தபோது அது திருப்பி இழுத்து என் நகத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. நான்காவது இழுப்பில் என்ஜின் கத்தியது.

ஓட்டுவது வேறு பாடு. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும். கைப்பிடியைத் திருப்பினால் மட்டும் போதாது, உடம்பைத் தூக்கிப் போட்டால்தான் வளையும். மோட்டார் ஓட்டிப் பழகியவன் வளைவில் தானாகக் காலை இறக்குவான். பின்டயர் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளும். மருந்தடிப்பவருக்கு முதல் நாளே கெண்டைக்காலில் தோல் உரிந்தது. அதன் பிறகு நான் தேயிலைக் குச்சியோடு கூடவே ஓடினேன். கால் இறங்கும்போதெல்லாம் கணுக்காலில் அடித்தேன்.

"டேய், கால ஒடைச்சிருவ போல!"

"டயரு ஒடைக்கிறதுக்கு நான் ஒடைச்சா தேவலாம் அண்ணே."

கால் வீங்கி நீலமான பிறகு அது இறங்குவதை நிறுத்தியது.

துரைக்கு ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. காலையில் ஆட்கள் கூடும் திடலில் வண்டியை நிறுத்தி, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். கங்காணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தள்ளு. இந்தத் தோட்டத்துல எந்த வண்டி வந்தாலும் பழம் நசுக்குறது நான்தான்."

வழக்கம் அப்படித்தான். லோரியானாலும் டிராக்டரானாலும் முதல் உருட்டு அவருடையது.

"கங்காணி, இது மோட்டார் மாதிரி இல்ல. கால மட்டும் கீழ வச்சிராதீங்க," என்றார் மருந்தடிப்பவர்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா, நொண்டித் தோளு?"

மருந்தடிப்பவர் கைப்பிடியை விடவில்லை. அவர் பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கங்காணி கன்னத்தில் அறைந்தார். உதடு கிழிந்தது. கை விட்டது.

பழம் மூன்றும் நசுங்கின. யாரோ கைதட்டினார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகை அருகே வளைவு. கங்காணி கைப்பிடியைத் திருப்பினார், வண்டி நேரே போனது. இடது காலை ஊன்றினார். டயர் குதிகாலில் ஏறி முழங்கால்வரை உள்ளே இழுத்தது. காய்ந்த கிளை முறிவது போலச் சத்தம். பிறகு வண்டி அவர்மேல் கவிழ்ந்தது.

நான்கு பேர் அவரைக் கதவுப் பலகையில் தூக்கினார்கள். எலும்பு வெளியே தெரிந்தது. துரை, "இந்தச் சனியன ஒடைச்சுப் போடு," என்றார். கங்காணியின் ஆள் ஒருவன் சம்மட்டி கொண்டுவந்தான். மருந்தடிப்பவர் அதை இடது கையால் பிடுங்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கிட்ட வந்தா மண்டை போயிரும். தொர, மேல போயிட்டு வரேன். அதுக்கப்பறம் ஒடைங்க."

துரை ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். நான் வண்டியை நிமிர்த்தி, நிறைந்த டிரம்மைக் கட்டி, கயிற்றை இழுத்தேன். மருந்தடிப்பவர் ஏறி உட்கார்ந்தார்.

சரிவில் ஏறும்போது முன்சக்கரம் காற்றில் எழுந்தது. அவர் கைப்பிடிமேல் நெஞ்சைப் போட்டு அழுத்தினார். பாதி ஏற்றத்தில் தோள் மறுபடி கழன்றது. அவர் அலறியது கீழே எங்களுக்குக் கேட்டது. கால் இரண்டும் மிதியிலேயே இருந்தன. உச்சிக்குப் போய், ஒரு கையால் ஒரு வரிசைக்கு மருந்தடித்தார்.

துரை சிகரெட்டைப் போட்டு மிதித்தார். "அவன் அந்த வீட்டுலயே இருக்கட்டும்," என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

இறங்கி வந்த மருந்தடிப்பவர் அப்படியே தரையில் மல்லாந்தார். வலது கை ஈரத்துணி போலக் கிடந்தது. நான் உட்கார்ந்து, கழன்ற தோளைத் திரும்ப ஏற்ற அவர் அக்குளில் என் குதிகாலை ஊன்றி, கையைப் பிடித்தேன்.

"வீடு?" என்றார்.

"இருக்கு அண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். நான் இழுத்தேன்.