பரமலிங்கத்தின் ஆறடி வானம்

அளவெட்டிப் பரமலிங்கம் என்றால் யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒருத்தருக்கும் தெரியாது. காத்து ஓவசியர் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கை நீட்டும். அரசாங்க வேலையில் மதகும் மலசலகூடமும் கட்டியே சலித்த மனுசன். எண்பத்து நான்கில் ஒரு முதலாளி கடலோரம் நான்கு மாடி கட்டக் கேட்டதும், காத்திருந்தவர் போலப் பாய்ந்து விழுந்தார்.

கட்டடத்தின் நட்டநடுவே, நிலத்திலிருந்து மொட்டைமாடி வரை, ஆறடிச் சதுரத்தில் வெறும் கூண்டு ஒன்று விட்டார். வெக்கை அதன் வழியே மேலே ஏறிப் போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும். மழைத்தண்ணீர் அடியிலிருந்த தொட்டியில் சேரும். மொட்டைமாடியில் மண் பரப்பிக் கீரை போட்டார். ஃபேன் தேவையில்லை என்று சத்தியம் பண்ணினார். சனம் சிரித்தது.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் நின்றது. முதலாளி கொழும்புக்கு ஓடினார். அகதிகளாய் வந்த மீன்பிடிக் குடும்பங்கள் அறைகளை நிரப்பின. யாழ்ப்பாணமே அவிந்தபோது அந்தக் கட்டடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. ஊர் எரிகிற நேரத்தில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. அந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு அதுதான் இன்றும் ஆத்திரம்.

குண்டுவீச்சுக்கு ஒளிக்க நிலத்தில் வெட்டிய பங்கர்களுக்குள் சனம் மூச்சு முட்டி மயங்கியது. ஓவசியர் தொட்டியை வற்ற வைத்து, சுற்றிவர மண்மூட்டை அடுக்கி, கூண்டின் அடியையே பங்கராக்கினார். அங்கே குடியிருந்த மீனவன் சந்தியோகுவின் மனைவி லூர்த்தம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, மேலை திறந்து கிடக்கே. பனைமரக் குத்தி போட்டு மூடுங்கோவன்."

"மூடினால் காத்து எப்பிடி வாறது, பிள்ளை? வானத்திலை நிண்டு ஆர் உந்த ஓட்டையைக் குறிபாக்கப் போறான்?"

அவள் நம்பினாள்.

அடுத்த வருடம் ஒரு நண்பகல் குண்டுபோடும் பொம்பர் ஊருக்கு மேலே சுற்றியது. சனம் கூண்டுக்குள் இறங்கியது. எதிர்வீட்டு வளவில் நின்ற ஓவசியர் குப்புற விழுந்தார். குண்டு திறந்த கூண்டு வழியே நான்கு மாடியும் தாண்டி நேரே அடிக்குப் போய் வெடித்தது.

அவர் ஓடிப்போய் எட்டிப்பார்த்த போது புகை மேலே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. கூண்டு தன் வேலையைச் செய்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. சுவரெல்லாம் சதை. பதினொரு பேர். லூர்த்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை.

கரையில் வலை திருத்திக்கொண்டிருந்த சந்தியோகு துடுப்போடு வந்தான். முதல் அடியிலேயே ஓவசியரின் கை முறிந்தது. பிடிக்க வந்தவர்களை அவரே தடுத்தார்.

"விடுங்கோ. அடிக்கட்டும்."

"நான் அவளைத் தேவாலயத்துக்கு ஓடச் சொன்னனான்ரா! அவள் உன்னை நம்பி இறங்கினவள்!"

அந்த நேரம் பொம்பர் திரும்பி வந்தது. ஒதுங்க வேறு இடமில்லாத சனம், இரத்தம் காயாத அதே குழிக்குள் விழுந்தடித்து இறங்கியது. "போகாதேங்கோ! உதுக்குள்ளை போகாதேங்கோ!" என்று ஓவசியர் குழறினார். ஒருத்தரும் கேட்கவில்லை.

சந்தியோகு அவரை முறிந்த கையிலேயே பிடித்து இழுத்துப்போய்க் குழிக்குள் தள்ளினான். தானும் குதித்து, அவரின் தலைமயிரைப் பற்றி முகத்தை நிமிர்த்தினான்.

"பார். மேலை பார்."

பொம்பரின் இரைச்சல் கிட்ட வந்தது. பரமலிங்கம் பார்த்தார்.