பெற்றோலில் ஓடிய நாள்

கிழமைக்கு இரண்டு தடவை என் கணவரைச் சிறுநீரகச் சிகிச்சைக்காக உரும்பிராயிலிருந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த உத்தியோகம் இதுதான். பெற்றோல் வரிசையில் நின்று களைத்த காலத்துக்குப் பிறகு, வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போடக்கூடிய பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினோம்.

விற்றவர் விளக்கமாகச் சொன்னார். "அக்கா, சார்ஜ் இருக்குமட்டும் கரண்டிலை ஓடும். முடிஞ்சால் தானாப் பெற்றோலுக்கு மாறும். நடுரோட்டிலை நிக்காது."

ஒரு தடவை போட்ட சார்ஜ் தெல்லிப்பழைக்குப் போய்வரக் காணும்; கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அதனால் அவர் சொன்னதில் மற்றப் பாதியை நான் மறந்தே போனேன்.

கணவருக்குக் காரைப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். "சத்தமில்லாத வாகனத்திலை இருக்கிறது செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி" என்பார். நான் காரை எடுத்துவிடுவேன்.

மார்கழி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. சிகிச்சைக்குப் போகவேண்டிய காலை, அவரை ஏற்றி இருத்திவிட்டுப் பார்த்தால் பற்றரியில் ஒன்றுமில்லை. போனும் செத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுவிட்டேன்.

"ஏன் அழுறீர்? பெற்றோல் கிடக்கெல்லோ?" என்றார்.

"ஓம், கிடக்கு. நாலு மாசப் பழசு."

"ஸ்டார்ட் பண்ணிப் பாரும்."

பொத்தானை அழுத்தினேன். கார் ஒருமுறை குலுங்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் தலையைச் சரித்துக் கேட்டார். பல மாதங்களாகக் காணாத முகம்.

"நல்ல எஞ்சின். இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீர்?"

வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தார். எந்த வளைவில் பிரேக்கில் கால் வைக்கவேண்டும் என்றுகூடச் சொன்னார். எரிச்சல் வந்தது; ஆனாலும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

சிகிச்சை முடிய நாலு மணித்தியாலம். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு விட்டுப்போனது. வெளியே வந்ததும், "காங்கேசன்துறைப் பக்கம் ஒருக்கா விடும். கடலைப் பாத்திட்டுப் போவம்" என்றார்.

"எனக்கு ஏலாது."

"கெதியாத் திரும்பலாம்."

மறுக்கவும் தெம்பில்லை. பெற்றோலில் ஓடியதால், வீடு போய்ச் சேரச் சார்ஜ் காணுமா என்ற கவலையாவது அன்றைக்கு இருக்கவில்லை. காரை அந்தப் பக்கம் விட்டேன்.

கடற்கரையில் காரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்துச் சாய்ந்து, வாய் திறந்து, மெல்லிய குறட்டையோடு நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை. எஞ்சினை நிற்பாட்டினால் முழித்துவிடுவாரோ என்று அப்படியே ஓடவிட்டேன். கடலைப் பார்க்காமல் நானும் சீற்றில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.