வாந்திக்கு மட்டும் நிற்கும் ஜீப்பு

ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே, முன்னால் நிற்பவரின் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார் பானு அக்கா. அவர் யார், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. தோள்பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவி வெளியே வந்தாயிற்று, பட்டையும் சுற்றியாயிற்று. "பேசாதீங்கண்ணே. பேசுனா ஏறிரும்" என்கிறார். அந்த மனிதர் பாமாயில் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சுவிடலாமா என்று தெரியாமல் நிற்கிறார்.

முழுப்பெயர் அக்தர் பானு. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்தில் வேலை. போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருக்கள் அவர் பொறுப்பு. ஆனால் பொறுப்பில் இல்லாத தெருக்களிலும் அவர் நடமாட்டம் உண்டு.

ஊருக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை நடந்துகொண்டே குடிப்பார். பாதியில் யாரையாவது பார்த்துவிட்டால் கிளாஸ் ஏதாவது ஒரு ஜன்னலில் உட்கார்ந்துவிடும்; டீக்கடைக்காரர் சாயங்காலம் தெருத்தெருவாகப் போய் எடுத்து வருவார். ஒரு கல்யாண வீட்டில், இலை போட்ட பிறகு எழுந்துபோய்ச் சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பெயர்கள் மறந்துவிடும், அழுத்தத்தின் எண் மறக்காது. "அந்த நூத்தியெழுபது வீட்டு மருமக முழுகாம இருக்காளாம்ல" என்றுதான் செய்தி சொல்வார்.

கணவர் சவுகத் அலி, பஸ் நிலையத்தருகே மழைக்கோட்டும் பிளாஸ்டிக் தாளும் விற்கிறார். "கல்யாணமான புதுசுல கையப் புடிச்சா. அதுக்கப்புறம் இப்பத்தான் புடிக்கிறா, அதுவும் பட்டையச் சுத்த" என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்வார். "பேசுனா ஏறிரும்" என்பது அங்கேயும் பானு அக்காவின் பதில்.

அவர் தெருக்களில் பாதிப் பெண்கள் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளத்து எஸ்டேட்டுகளில் வேலை செய்துவிட்டு இருட்டும்போது இறங்குவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பானு அக்கா அவர்கள் வீட்டுக்குப் போவார். ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருக்கும் அழுத்தம் அடங்கியிருந்தது. இந்த வட்டாரத்திலேயே நம்ம தெரு மாதிரி மாத்திரை போடுகிற தெரு கிடையாது என்று, தன் வேலையை மேற்பார்க்கும் நர்சம்மாவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

இந்த மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, ஜீப்பிலிருந்து இறங்கிய இருளம்மாளைத் தெருமுனையில் மடக்கிப் பட்டையைச் சுற்றினார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தட்டினார். தன் கையில் சுற்றிப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடி இருளம்மாள் கையில் சுற்றினார், முன்னைவிடக் கூடியிருந்தது.

"மாத்திர போடுறீயாக்கா?"

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். விடாத்தா, அடுப்புப் பத்த வைக்கணும்."

இருளம்மாளின் அக்காவுக்கு இதே அழுத்தத்தால்தான் போன வருடம் ஒரு பக்கம் கைகால் விழுந்தது. அவருக்குச் சோறு ஊட்டுவதும், அந்தச் சோற்றைச் சம்பாதிப்பதும் இருளம்மாள். அன்று பானு அக்கா என் அறை வாசலில் நின்று, செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக, "ஒரே வீட்டுல ரெண்டு பேரு படுத்துட்டா யாரு யாருக்கு ஊட்டுறது டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. பூப்பாறையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் நானும் அதே ஜீப்பில்தான் போகிறேன். இருளம்மாள் மாத்திரையை விழுங்குகிறாரா, துப்புகிறாரா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "சரி, நானே வர்றேன்" என்று போய்விட்டார்.

மறுநாள் விடியலில் வந்து நின்றார். இருளம்மாளைத் தன் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைத்து, ஓட்டுநர் அருள்பாண்டியின் முதுகுக்குப் பின்னால் போய் நெருக்கி உட்கார்ந்தார். போடியிலேயே பிறந்து வளர்ந்தவர், மலை ஏறியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளுக்குள் பேச்சு நின்றது. பானு அக்கா பேசாமலிருந்த முதல் கால்மணி நேரம் அது. பிறகு அருள்பாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி... வருது!"

"யக்கா, யக்கா! புது சீட்டுக்கா! இப்பத்தான் தைச்சுப் போட்டேன்!" அலறிக்கொண்டே அருள்பாண்டி ஓரங்கட்டினார். பாறையில் தண்ணீர் ஒழுகும் ஒரு வளைவு. பானு அக்கா இறங்கிக் குனிந்ததுதான் தாமதம், பின்னாலிருந்த அத்தனை பெண்களும் பொத்துப் பொத்தென்று குதித்துப் புதருக்குப் பின்னால் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் இருளம்மாள். நானும் இறங்கினேன். அந்த ஜீப்பில் ஏறும் நாட்களில் காலையில் தண்ணீர் குடிப்பதை நானும் எப்போதோ விட்டிருந்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பானு அக்கா, புதரிலிருந்து முந்தானையைச் சரிசெய்தபடி வரும் வரிசையைப் பார்த்தார். இருளம்மாளைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைக் கறந்தார்.

அவர் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று, உடம்பிலிருந்து நீரைப் பிரிக்கும் வகை. போட்ட ஒரு மணி நேரத்தில் முட்டிக்கொண்டு வரும். ஜீப் எங்கும் நிற்காது. அதனால் மலைக்குப் போகும் நாட்களில் யாரும் மாத்திரையைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டு, பானு அக்காவுக்குக் கையை நீட்டியிருக்கிறார்கள்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"இதைப் போயி எப்படித்தா சொல்றது?" என்றார் இருளம்மாள்.

ராத்திரி போடச் சொன்னால், தெருவில் இருக்கும் பொதுக் கழிப்பறையைப் பத்து மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். எஸ்டேட்டுக்குப் போய்ப் போடச் சொன்னால், "அங்கிட்டு கங்காணி நிக்கிறான். மருந்தடிக்கிற ஆம்பளைக வேற. எங்கிட்டு ஒதுங்க?" என்கிறார்கள். அருள்பாண்டியிடம் நேராகக் கேட்டுப் பார்த்தார். "யக்கா, நான் நின்னா பின்னாடி வர்றவன் முந்திருவான். லேட்டாப் போனா மொதலாளி வேற ஜீப்ப வச்சுக்கிருவாரு. ரெண்டு மணி நேரம் அடக்க முடியாதாக்கும்?"

"நீ அடக்குவியா?"

அருள்பாண்டி சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

அடுத்த நாளும் பானு அக்கா ஜீப்பில் இருந்தார். அதே வளைவில் அதே தோளை உலுக்கினார். அன்று அவர் வாயில் குமட்டலை அடக்கும் புளிப்பு மிட்டாய் இருந்ததை நான் பார்த்தேன். ஜீப் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. அந்த வாரம் இருளம்மாளின் எண் இறங்கத் தொடங்கியது. ஆனால் கீழே தெருக்கள் காத்துக்கிடந்தன. எங்கே போனாய் என்று நர்சம்மா கேட்டார். தினமும் மலையேற முடியாது.

அதனால் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு நாள் வாந்தி. செவ்வாய் முனீஸ்வரி. குமட்டுகிற சத்தத்தை அச்சு அசலாக எடுப்பாள், அருள்பாண்டி பதறிப்போய் ஓரங்கட்டிவிடுவார். "என்னக்கா, எல்லாருக்கும் ஒரே எடத்துலயே வருது?" என்று ஒருநாள் கேட்டார். "பாறத் தண்ணி வாட தம்பி" என்றாள் முனீஸ்வரி. அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

திங்கட்கிழமைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அது இருளம்மாளின் முறை. அவர் மறுத்துவிட்டார்; அவருக்குப் பதிலாக இன்னொரு நாள் எடுக்கவும் யாரும் முன்வரவில்லை. மலையில் வாந்தி எடுப்பது புதிதாக வருகிறவர்களின் அடையாளம்; ஒருத்தி ஒருமுறை எடுத்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க, "ஏண்டி கீழ்நாட்டுக்காரி, எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று அவளை ஓட்டித் தீர்ப்பார்கள். இருளம்மாள் அப்படி ஓட்டுகிறவர்களில் முதல் ஆள். "வயசுக்கு வந்ததுலருந்து மலை ஏறுறேன். இன்னிக்கு அந்த டிரைவர் பய முன்னாடி ஓக்காளிச்சுக்கிட்டு நிக்கவா? கைகால் விழுந்தாலும் விழுகட்டும்" என்றார். திங்கட்கிழமை மாத்திரை மறுபடி நின்றது. அன்று சாயங்காலம் கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததுமே பானு அக்கா பட்டையை அவிழ்த்தார். இருளம்மாளை இழுத்துக்கொண்டு போய், படுத்திருக்கும் அக்காவின் கட்டிலருகே நிறுத்தி, அந்த அசையாத கையைத் தூக்கி அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நேற்று திங்கட்கிழமை. இருட்டு பிரியாத ஜீப் ஸ்டாண்டில் பானு அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார், யாருடைய தூக்குவாளியையோ திறந்து ஊறுகாயை வெளியே எடுத்தார். பிறகு பின்பக்கக் கம்பி வழியாகக் கையை விட்டு இருளம்மாளிடம் மாத்திரையை நீட்டினார். இருளம்மாள் வாங்கி விழுங்கினார். பானு அக்கா நாக்கைக் காட்டச் சொன்னார், அவர் காட்டினார். "தண்ணி குடி. முழுசும்" என்றார். பாட்டில் காலியானது.

"ஆச்சா? வெரசா ஏறுங்க, போவோம்" என்று அருள்பாண்டி கத்தினார். ஜீப் கிளம்பியது.

ஓட்டுநரின் கண்ணாடியில் விழாதபடி பானு அக்கா நடுரோட்டுக்கு வந்து நின்றார். முந்தானையை வாயில் பொத்தி, கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்கி, குமட்டுகிறவரைப்போல் தோளைக் குலுக்கிக் காட்டினார். இருளம்மாள் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். வண்டி முக்கில் திரும்பும்வரை பானு அக்கா உப்பிய கன்னத்தை இறக்கவேயில்லை. என் பக்கத்தில், இருளம்மாளின் மடியில், முந்தானை நுனி வாயளவுக்குச் சுருட்டித் தயாராக இருந்தது.