முன்னூற்றில் ஐம்பதை நான் எடுக்கவில்லை

தயவுசெய்து இந்தப் பதிவை யாருக்கும் காட்டாதீர்கள். நான் கச்சேரிக்குப் போகப்போவது வீட்டில் தெரியாது.

ராஜபாளையத்தில் நடக்கும் அந்தக் கச்சேரிக்கு எனக்கும் என்னோடு படிக்கும் சுப்புலட்சுமிக்கும் நான்தான் ஆன்லைனில் டிக்கெட் போட்டேன். அவள் டிக்கெட்டுக்கு முன்னூறு ரூபாய் வாங்கினேன். இன்று வந்த டிக்கெட்டில் விலை இருநூற்றைம்பது என்று இருக்கிறது.

டியூஷன் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியதுமே கேட்டாள்.

"ஏட்டி, மிச்ச அம்பது எங்க?"

"ஆப்புல கடைசியா கூட்டிட்டாங்க."

"கண்டக்டரே டிக்கெட்டுல உள்ளதத்தான் வாங்குதாரு. நீ கூடுதலா வாங்குத."

முன் சீட்டில் இருந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நாளை வகுப்பு முழுக்க என்னைத் திருடி என்பார்கள்.

அவள் போனையே வாங்கி, முதலிலிருந்து டிக்கெட் போடுவதுபோல் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். முதல் பக்கத்தில் இருநூற்றைம்பது. சீட் தேர்ந்தெடுத்தபோதும் அதேதான். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் புக்கிங் கட்டணம், வரி என்று முன்னூறு ஆனது.

விரலை வைத்து அந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தாள்.

"அப்போ நீ எடுக்கல," என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"முழு விலையையும் மொதல்லயே காட்டணும்னு சட்டம் இருக்குட்டி. புகார் குடுப்போமா?" என்றேன்.

"குடுத்தா பேரு, அட்ரஸ் எல்லாம் கேப்பாவ. ஒங்க வீட்டுக்குப் போன் வரும்."

ஆப்காரர்கள் ஐம்பது ரூபாயை மறைத்தார்கள். நான் கச்சேரியையே மறைத்திருக்கிறேன்.

வீட்டுக்குத் தெரியாமல் புகார் கொடுக்க வழி இருந்தால் கீழே சொல்லுங்கள். சீக்கிரம், ஏனென்றால் கச்சேரி

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்