தங்கச்சி வளவுப் பக்கத்துச் சுவர்

எங்கள் வீட்டில் மூன்று பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சு இருக்கிறது. நாலாவது பக்கத்தைப் பூசவேண்டுமென்றால் பக்கத்துக் காணியான என் தங்கச்சியின் வளவுக்குள் நின்றுதான் பூசவேண்டும். அவள் விடமாட்டாள். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். அம்மாவின் வளவு ஒன்றாகக் கிடந்த காலத்தில், மூத்தவள் என்று எனக்கு வீட்டைக் கட்டித் தந்தார்கள். எல்லை எங்கே வரும் என்று அப்போது யார் யோசித்தது? பிறகு தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வளவைப் பிரித்தபோது, அளவுக் கயிறு என் சுவரை உரசிக்கொண்டு போனது. சுவர் என்னுடையது. அதற்கு வெளியே ஒரு சாண் மண்கூட என்னுடையதில்லை. அக்காவுக்கு வீட்டோடு கொடுத்துவிட்டு எனக்கு வெறும் மண்ணைத் தந்தார்கள் என்று அவளுக்குக் கொதி. புருஷன் கட்டாரில் உழைத்து அனுப்பி, என் வீட்டைப்போல இரண்டு மடங்கு வீடு கட்டியும் அந்தக் கொதி இறங்கவில்லை.

அந்தச் சுவர் வாடைக்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. மாரியில் மழை சாய்ந்து வந்து நேரே அதில்தான் அடிக்கும். பூச்சில்லாத சீமெந்துக் கல் தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே விடும். பின்னறையில் அந்தச் சுவரோடு ஒட்டித்தான் அம்மாவின் கட்டில். அம்மாவுக்கு நடக்க ஏலாது. கக்கூசு அந்த அறையோடு இருப்பதால் வேறெங்கும் படுக்கவைக்க முடியாது, கட்டிலை நகர்த்தவும் இடமில்லை. போன மாரியில் இழுப்பு வந்து ஆசுபத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டார் என்று டாக்குத்தர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மேசனைக் கூட்டிவந்து காட்டினேன். உள்பக்கம் எத்தனை தரம் பூசினாலும் ஊதி விழுந்துவிடும், தண்ணீரை வெளியிலேயே மறிக்கவேண்டும் என்றார்.

தங்கச்சியிடம் போனேன். சாந்துச் செலவு, கூலி எல்லாம் என்னுடையது, மேசன் நிற்க இடம் மட்டும் விடு, விழுகிற சாந்தை நானே கூட்டி அள்ளுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் என்னை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அம்மாவுக்கெண்டா அம்மா வந்து கேட்கட்டும்," என்றாள்.

நடக்க ஏலாத மனிசியை! கண்ணில் இரத்தமில்லாதவள். வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னால், அவள் சின்னதில் இருந்தே அப்படித்தான், மனதில் ஒன்றுமில்லை என்கிறார். பீயும் மூத்திரமும் அள்ளுகிறவள் நான். மனதில் ஒன்றுமில்லாதவள் அவள்.

ஆவணியில் அவளுடைய மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் வந்தாறுமூலைப் பக்கம், வசதியான ஆட்கள். வளவுக்குள்தான் பந்தல். பந்தலில் இருந்து பார்த்தால் எதிரே என்ன தெரியும்? கறுத்துப் பாசி பிடித்த என் சுவர். ஒருநாள் காலையில் அதே மேசன் தங்கச்சியின் வளவுக்குள் சுவரை நனைத்துக்கொண்டு நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் வாயை மூடிக்கொண்டேன். எப்படியாவது பூசப்படட்டும் என்று இருந்தேன்.

அம்மா கட்டிலில் கிடந்தபடி சாந்து அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. அன்று வந்த எல்லோரிடமும், சின்னவள் எனக்காகச் சுவர் பூசுகிறாள் என்று சொன்னார். என்னைப் பற்றி ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் சத்தம் நின்றது. போய் எட்டிப் பார்த்தேன். முன் மூலையில் தொடங்கிய பூச்சு தங்கச்சியின் சமையல் குசினி தொடங்குகிற இடத்தோடு நேர்கோடாக முடிந்திருந்தது. அதற்கு அங்கால்தான் அம்மாவின் அறை. மேசன் என் முகத்தைப் பாராமல் கரண்டி கழுவினார். மிச்சத்துக்குச் சீமெந்து நான் தருகிறேன், ஒரு நாள் வேலைதானே என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

"பந்தலுக்குத் தெரியிற இடம் பூசியாச்சு அக்கா," என்றாள். "குசினிக்குப் பின்னால ஆர் வந்து பாக்கப் போறாங்க?"

கலியாணம் நன்றாக நடந்தது. பூசின இடத்துக்கு வெள்ளையும் அடித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நானும் ஒரு படத்தில் நிற்கிறேன்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது. நேற்று அம்மாவின் தலையணை ஒரு பக்கம் ஊறிக் கிடந்தது, நெஞ்சுக்குள் இழுப்புச் சத்தம். சின்னவள் பூசியும் இந்தச் சுவர் ஏன் குளிருது என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பூசினது உங்களுக்கில்லை, மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்கு, உங்கள் பக்கம் ஒரு கரண்டிச் சாந்தும் படவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சொன்னதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது.

அம்மா கையைத் தூக்கிச் சுவரில் வைத்தார். விரலிடுக்கால் தண்ணீர் இறங்கி முழங்கை வரை வழிந்தது.

"காய்ஞ்சிதான் கிடக்கு புள்ள," என்றார். "நீ அவளோட சண்டைக்குப் போகாத."

அவள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அம்மாவின்மேல் திரும்பியது. அந்தக் கையை இழுத்துத் துடைத்துவிட்டேன்.