கசந்த பூசணியும் மூன்று தட்டு பிஸ்கற்றும்

பிஸ்கற் தட்டுகள் மூன்றும் மேலே போன பிறகுதான், கழுவப் போட்ட சட்டியின் அடியில் ஒட்டியிருந்த பூசணிக் களியை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். பசியில் செய்த வேலை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கப் போகும்போது அடிநாக்கில் கசப்பு ஏறியது. அது பாகற்காய்க் கசப்பு அல்ல, மருந்துக் கசப்பு. காறித் துப்பிவிட்டு வாயைக் கழுவினேன். கழுவியும் போகவில்லை.

ஊரில் கசக்கிற காயைப் பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை என்று சொல்லுவார்கள். பூசணியிலும் அப்படி ஒன்று வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கசந்த சுரைக்காயைக் கறிவைத்துத் தின்று, வீடு முழுக்கச் சத்தியெடுத்து வயிற்றோட்டமாகக் கிடந்த கதையைக் கேட்டிருக்கிறேன். மேலே அந்தப் பிஸ்கற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள்.

மெத்தென்ற பிஸ்கற்

அது ஹம்பேர்க்கின் ஓரத்தில், எஸ்-பான் ரயில்பாதை முடிகிற பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லம். நான் அங்கே பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு சமையலுக்கு உதவி, இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் பேக்கிங் வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைப் பொறுப்பாளர் ப்ராவ் பீற்றர்சன். உயரமான பெண்மணி. வேலை நேரத்தில் அதிகம் பேசமாட்டார்.

ஜேர்மன்காரரின் பிஸ்கற் கடித்தால் 'டக்' என்று உடையவேண்டும். எங்கள் இல்லத்தவர்களுக்கோ பாதிப்பேருக்குப் பொய்ப்பல், மிச்சப்பேருக்கு அதுவும் இல்லை. முன்பு அமெரிக்காவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்த ஒரு தாதி, இலையுதிர்காலத்தில் அங்கே செய்கிற பூசணி பிஸ்கற்றைப் பற்றிச் சொன்னாள். நானும் செய்து பார்த்தேன். முதல் தடவை முதலாம் மாடியில் இருந்த ஒருவர், பழைய பிஸ்கற் தந்துவிட்டதாக முறைப்பாடே செய்துவிட்டார். மெத்தென்று இருந்தால் இந்த நாட்டில் அது பழசு. அடுத்த வருடம் அவரே எப்போது பூசணி வரும் என்று கேட்டார்.

இளையவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். பூசணியைத் துண்டாக்கி ஒவனில் சுட்டு, மசித்து, துணியில் கட்டித் தண்ணீரை வடியவிடவேண்டும். வடியாவிட்டால் பிஸ்கற் பரந்து தோசையாகிவிடும். வெண்ணெயும் சிவப்புச் சீனியும் அடித்து, முட்டை, பூசணி, மா, கறுவா, வேர்க்கொம்பு என்கிற சுக்குத் தூள், கொஞ்சம் கராம்பு, சாதிக்காய். தட்டில் வைத்துச் சுடும்போது நடுவில் விரலால் தொட்டால் குழி மெல்ல எழும்பவேண்டும். அந்த நேரத்தில் ஒவனிலிருந்து எடுத்துவிடவேண்டும். நிறம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால் மெதுமை போய்விடும்.

அந்தக் கிழமை பூசணி இரண்டு வகை இருந்தது. ஒன்று கடையில் வாங்கிய சிறிய செம்மஞ்சள் ஹொக்கைடோ. மற்றது ஹெர் லூடர்ஸ் என்ற முதியவர் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பெரிய காய்.

ஹெர் லூடர்ஸின் மனைவி மூன்றாம் மாடியில், மறதி நோய்க்காரர் பிரிவில் இருந்தார். அவர் மனைவியைப் பார்க்க நாள்தோறும் பஸ்ஸில் வருவார். அந்த இலையுதிர்காலத்தில் மனைவி சாப்பாட்டைக் கையால் தொடுவதை விட்டுவிட்டார். ஊட்டினாலும் வாயை மூடிக்கொள்வார். தங்கள் தோட்டத்துப் பூசணி என்றால் சாப்பிடுவா என்று கிழவர் சொன்னார். வெளித் தோட்டத்துக் காய்கறி சமையலறைக்குள் வரக்கூடாது என்பது விதி. ப்ராவ் பீற்றர்சன் முதலில் மறுத்தார். கிழவர் காயைக் கீழே வைக்காமல், நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். பிறகு ப்ராவ் பீற்றர்சன் வாங்கிவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் வாங்கவேண்டும் என்றுதான் இருந்தது.

முதல் கலவையை ஹொக்கைடோவில் செய்தேன். வெந்ததில் ஒன்றை ருசி பார்த்தேன், நன்றாக இருந்தது. இரண்டாவது கலவை தோட்டத்துக் காய். அதில் வெந்ததை நான் ருசி பார்க்கவில்லை. பச்சை முட்டை சேர்ந்த மாவை அங்கே யாரும் வாயில் வைப்பதில்லை. இரண்டு வகையும் வெந்து, சீனிப் பாகு பூசி, தட்டுகளில் ஒன்றாகக் கலந்து அடுக்கி மேலே போயிற்று. பார்வைக்கு எல்லாம் ஒரே நிறம்.

தட்டுகளுக்குப் பின்னால்

சட்டியை ப்ராவ் பீற்றர்சனிடம் நீட்டினேன். அவரும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். உடனே தொட்டிக்குள் துப்பினார். சோதனைக்கென்று தனியே எடுத்து வைத்திருந்த பிஸ்கற்றைக் கடித்தார். கறுவாவும் சீனியும் மூடியதில் முதல் கடியில் ஒன்றும் தெரியவில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து முகம் மாறியது.

"எல்லாத்தையும் திருப்பி எடு. எது எந்தக் காய் எண்டு பார்க்காதை. நான் நஞ்சுத் தகவல் நிலையத்துக்குக் கோல் எடுக்கிறன்" என்றார் ஜேர்மன் மொழியில். குரலை உயர்த்தவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

பின்னேரக் கோப்பி நேரம். லிப்ற் மேலே எங்கோ நின்றிருந்தது. காத்திருக்க முடியாமல் படியால் ஓடினேன்.

முதலாம் மாடியில் அதிக பாடு இல்லை. தட்டு இன்னும் மேசையின் நடுவே இருந்தது. பிஸ்கற்றில் பிழை இருக்கிறது, வேறு தருகிறோம் என்றேன். தந்ததைத் திருப்பி எடுப்பது என்ன பழக்கம் என்று ஒரு அம்மா கேட்டார். மன்னிப்புக் கேட்டு, அவர் கோப்பிக்குள் தோய்த்திருந்த பாதியையும் கோப்பையோடு எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாடியில் தட்டு வெறுமையாக இருந்தது. மேசையில் சிலருக்கு முன்னால் துண்டுகள் கிடந்தன. சிலருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஆம் என்பார்கள், உடனே இல்லை என்பார்கள். ஒருவரின் கம்பளிச் சட்டைப் பையில் ஒன்று அகப்பட்டது. ஒரு பெண்மணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். கேட்டதும் தானே திறந்து காட்டினார். கடதாசிக் கைக்குட்டையில் சுற்றி இரண்டு, மகள் வந்தால் கொடுப்பதற்காம். எத்தனை போயின, எத்தனை வந்தன என்று யோசிக்கப் பயமாக இருந்தது. குப்பைப் பையில் போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு வாயையும் பார்த்தேன், யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று. ஒருவரும் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் மாடி

மூன்றாம் மாடியில் அந்த நேரத்தில் யாரும் ஓரிடத்தில் இருப்பதில்லை. வெளிச்சம் குறையத் தொடங்கினால் அவர்களுக்கு வீட்டுக்குப் போகவேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் போவதும் வருவதுமாக இருப்பார்கள். அன்று சிலர் கையில் பிஸ்கற்றோடு நடந்தார்கள். நான் அவர்களோடு கூட நடந்து, கையைப் பிடித்து, பேசி, ஒவ்வொன்றாக வாங்கினேன்.

அங்கே வேலை செய்த சுகந்தி எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரத் தாதி. விஷயத்தைச் சொன்னதும் மற்றவர்களிடம் அவளே வாங்கத் தொடங்கினாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து யன்னல் பக்கம் காட்டினாள்.

"அக்கா, அங்கை பாருங்கோ. தானாத் தூக்கிச் சாப்பிடுறா."

ப்ராவ் லூடர்ஸ் யன்னலோர நாற்காலியில் இருந்தார். பிஸ்கற்றை இரண்டு கையாலும் வாய்க்குக் கொண்டுபோய், ஓரத்தைக் கடித்து, மெதுவாக மென்றுகொண்டிருந்தார். பாதிக்குமேல் முடிந்திருந்தது. கணவர் பக்கத்தில் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அவர் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அவருக்குப் பக்கத்தில் குனிந்து, காய் கசக்கிறது, நஞ்சாக இருக்கலாம், பிஸ்கற்றை வாங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"இது என்ரை காய். நானே விதை எடுத்துப் போட்டது. எத்தினை வருசமாச் சாப்பிடுறம்" என்றார்.

தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து மென்றார். கசக்கவில்லை என்றார். கடையில் வாங்கிய காயில் செய்தது அவர் கைக்கு வந்ததா, அவருடைய நாக்குக்கு வயதாகிவிட்டதா, எனக்குத் தெரியாது. அவர் சொன்னது அவரளவில் உண்மை.

"அவ சாப்பிடுறா. உங்களுக்கு விளங்குதோ? அவ சாப்பிடுறா" என்றார்.

எனக்கு விளங்கியது. சுகந்தியைப் பார்த்தேன். ப்ராவ் லூடர்ஸ் அடுத்த கடிக்கு வாயைத் திறந்தார். நான் கையை நீட்டி அந்தத் துண்டை அவர் விரல்களுக்குள்ளிருந்து எடுத்தேன். அது மெத்தென்ற பிஸ்கற். பாதி என் கையிலும் பாதி அவர் மடியிலுமாக உதிர்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். சுகந்தி ஈரத் துணியால் கையைத் துடைத்து, மடியையும் துடைத்துவிட்டாள்.

ஹெர் லூடர்ஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு நடந்தது

வைத்தியர் வந்தார். தண்ணீர் கொடுத்துக் கவனிக்கச் சொன்னார். அடுத்த நாள் காலையில் இல்லத்துக்குள் நுழைந்ததும் முதலில் மூன்று மாடியிலும் விசாரித்தேன். சிலருக்கு வயிற்றுவலி, சத்தி. ப்ராவ் லூடர்ஸுக்கும் வயிற்றோட்டம். ஒருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டி வரவில்லை. அந்தக் கிழமை முடியும்போது எல்லோரும் தேறிவிட்டார்கள். நான் மட்டும் அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

ப்ராவ் பீற்றர்சன் நிர்வாகத்திடம் தானே போய், காயை வாங்கியது தான்தான் என்று சொன்னார். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். வேலை போகவில்லை. முந்திய வருடம் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ அலங்காரத்துக்கு வளர்க்கிற கசப்புப் பூசணி போட்டிருந்தார்களாம். தேனீ இரண்டையும் கலந்துவிட்டது, அந்த விதையைத்தான் கிழவர் அடுத்த வருடம் நட்டிருக்கிறார் என்று பிறகு விளங்கியது. அவர் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து நான் கடைப் பூசணியில் மறுபடியும் செய்து, சூடு ஆறுமுன் மூன்றாம் மாடிக்கு நானே கொண்டுபோனேன். ப்ராவ் லூடர்ஸ் கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. பிஸ்கற் நழுவி விழுந்துவிட்டது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினார். அன்று ஏன் சாப்பிட்டார், இன்று ஏன் இல்லை, சுகந்திக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் தானாக எடுத்துச் சாப்பிடவில்லை. குளிர்காலம் முடியுமுன் இறந்துபோனார்.

சமையலறையில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இரண்டு விஷயம் சொல்லுவேன். பூசணியோ சுரையோ, ஒவ்வொரு காயிலும் பச்சையாக ஒரு துண்டு வெட்டி நாக்கில் வை, கசந்தால் துப்பு, முழுக் காயையும் எறி. மற்றது, விதிப்படி உள்ளே வரக்கூடாத சாமானை வாசலிலேயே மறுத்துவிடு. கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்தால் மறுப்பது கஷ்டம்தான். சாப்பிடுகிறவரின் கையிலிருந்து எடுப்பது அதைவிடக் கஷ்டம்.

அடுத்த இலையுதிர்காலம் ஹெர் லூடர்ஸ் சமையலறைப் பின்வாசலுக்கு ஒரு பை அப்பிளோடு வந்தார். மனைவி இறந்த பிறகு அன்றுதான் அவரை அங்கே கண்டேன். இல்லத்தவர்களுக்குக் கொடுங்கள் என்றார்.

"உள்ளை எடுக்க ஏலாது, ஹெர் லூடர்ஸ்" என்றேன்.

தலையாட்டினார். பையைக் கீழே வைக்காமல் நின்றார். எனக்கு ஓய்வு நேரம் வந்திருந்தது. ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியே போய், வாசலோர மரவாங்கில் அவரை இருத்தி, பக்கத்தில் இருந்தேன். அவர் ஒன்றைத் தந்தார், தானும் ஒன்றை எடுத்தார். இரண்டுபேரும் சாப்பிட்டோம்.

முடிந்ததும் அவர் சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் அதைப் பறிச்சது சரி. எனக்குத் தெரியும். ஆனா எனக்கு உங்களிலை இன்னும் கோவம் இருக்கு."

"ஓம்" என்றேன். "இருக்கட்டும்."

அவர் பையிலிருந்து இன்னொரு அப்பிளை எடுத்து என் கையில் வைத்தார்.