நனைத்துக் கட்டிய கயிறு

எங்கள் முன்னோர் எந்தக் கடற்கரை என்று தேடத் தொடங்கி வருடங்கள் ஓடிவிட்டன. மீனவர் வரலாறு என்று எது கையில் கிடைத்தாலும் படிக்கிறேன். கடலோர ஊர்களுக்கே போய் விசாரித்தும் பார்த்தேன். ஊர்ப்பெயர் தெரியாமல் உறவைத் தேடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். மலையூரான தானா ராத்தாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இருந்தோம். கடல் தெரிந்த ஆண்களைப் படகு வேலைக்குப் பிடித்துப் போகிறார்கள், போனவன் எவனும் திரும்பவில்லை என்று பேச்சு.

"யார் கேட்டாலும் வெவசாயக் குடும்பம்னு சொல்லுங்க" என்றார் அப்பா. அன்றிலிருந்து லோரிச் சத்தம் கேட்டாலே அம்மாவிடம் ஓடிவிடுவேன்.

ஒரு காலை சிப்பாய்கள் வந்து, லயத்துக்கு முன்னால் மரக்கட்டைகளை லோரியில் ஏற்றச் சொன்னார்கள். கட்டைகள் உருண்டுகொண்டே இருந்தன. கட்டியவனுக்கெல்லாம் அறை விழுந்தது. அப்பாவின் முறை வந்தது. தேங்காய் நார்க் கயிற்றைக் கால்வாய்த் தண்ணீரில் முக்கி எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். கட்டுமரம் கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பாழாய்ப்போன பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

சிப்பாய்களோடு வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிட்டே வந்தார்.

"கயித்த நனைச்சுக் கட்றியே. கடல்காரனா?"

"இல்லைங்க ஐயா. ஊர்ல மாட்டு வண்டி ஓட்டுனேன்."

"அப்படியா? முழுசாக் கட்டு, பாப்போம்."

வாசலில் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். அவர் நகம் என் சதையில் இறங்கியது. வலிக்கிறது என்று சொல்லவும் பயம். அப்பாவின் விரல்கள் அன்றுதான் தடுமாறின. வேண்டுமென்றே தடுமாறினார். லோரியை நகர்த்தியதும் கட்டைகள் சரிந்து மண்ணில் விழுந்தன.

"கடல்காரன் கட்டு இப்படி அவுறாது" என்று முணுமுணுத்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் நகர்ந்தார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அப்பாவை இடித்துக் கீழே தள்ளினான். நான் அழவில்லை. கடவுளே, இன்னும் அடிக்கட்டும், அடித்துவிட்டு இங்கேயே விட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விட்டுப் போனார்கள். அதன் பிறகு சாகும்வரை, எங்களிடம்கூட அவர் வண்டிக்காரர்தான்.